ஹாம்ஸ்டர் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருடமாக ஹாம்ஸ்டர் வளர்க்கிறேன், இப்போது என்னிடம் இருப்பது ஐந்தாவது. புதிதாக வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது மண்ணுக்கு அடியில், இருட்டில், தனியாக வாழப் பிறந்த சின்னக் கொறிக்கும் விலங்கு. கடிக்கிறது, கம்பியைக் கொறிக்கிறது, பகலெல்லாம் தூங்குகிறது என்று வருகிற புகார்களில் முக்கால்வாசி இதை மறந்ததால் வருபவை.

ஹாம்ஸ்டர் என்பது வெள்ளை எலிதானே?

இல்லை. வெள்ளெலி என்ற பெயரைச் சிலர் இதற்கும் சொல்கிறார்கள், அதில்தான் குழப்பம். ஆய்வுக்கூடத்து வெள்ளை எலி வேறு இனம், கூட்டமாக வாழும், வால் நீளம். ஹாம்ஸ்டருக்கு வால் இருப்பதே தெரியாது, உடம்பு உருண்டை, வாயின் இரண்டு பக்கமும் உணவைச் சேர்த்து வைக்கும் கன்னப்பை உண்டு.

வீட்டில் வளர்ப்பவை முக்கியமாக ஐந்து வகை. எல்லாவற்றிலும் பெரியது சிரியன், தங்க ஹாம்ஸ்டர் என்பதும் இதுதான், 13 முதல் 18 செ.மீ. வரை வளரும், எடை 100 கிராமுக்கு மேல் போகும். கேம்ப்பெல், விண்டர் வொயிட், ரோபரோவ்ஸ்கி மூன்றும் குள்ள வகைகள். இதில் ரோபரோவ்ஸ்கி 5 செ.மீ. அளவுதான் இருக்கும், மின்னல் மாதிரி ஓடும், கையில் பிடித்துக் கொஞ்சுவதற்கு ஏற்றது இல்லை, பார்த்து ரசிக்கத்தான். ஐந்தாவது சைனீஸ், ஒல்லியாக இருக்கும், வால் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம்.

சிரியனின் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ பக்கம் ஒரு வயலைத் தோண்டி, ஆழத்தில் இருந்த வளையிலிருந்து ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். அந்தக் குட்டிகளில் பிழைத்த சிலவற்றை ஜெருசலேமில் வளர்த்து இனப்பெருக்கம் செய்தார்கள். இன்று உலகம் முழுவதும் வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு வளையிலிருந்து வந்தவைதான். நாய் மனிதனோடு ஆயிரக்கணக்கான வருடங்களாக இருக்கிறது, இது வந்து இன்னும் நூறு வருடம்கூட ஆகவில்லை. உடம்பிலும் புத்தியிலும் அந்த வயல் இன்னும் அப்படியே இருக்கிறது.

தனியாக இருந்தால் பாவமில்லையா? ஜோடியாக வாங்கலாமா?

சிரியன் என்றால் கட்டாயம் ஒன்றுதான். ஒரு கூண்டுக்கு ஒன்று, பேச்சே இல்லை.

நான் முதலில் வாங்கியது இரண்டு, ஒரே ஈற்றில் பிறந்த பெண் குட்டிகள். "சேர்ந்தே இருந்தவை, பிரித்தால் ஏங்கிப்போகும்" என்று விற்றவர் சொன்னதை நம்பினேன். சில வாரம் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கின, பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது. ஒன்பதாவது வாரம் ஒருநாள் காலையில் பார்த்தால் ஒன்றின் காது கிழிந்து கூண்டெல்லாம் ரத்தம், மற்றது கூண்டுக்குள் இருந்த சின்ன வீட்டின் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே பிரித்தேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் அது எவ்வளவு பயந்து இருந்திருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இயற்கையில் சிரியன் ஹாம்ஸ்டர் ஒரு வளையில் ஒன்றுதான் இருக்கும். இனச்சேர்க்கைக்கும், தாய் குட்டிகளை வளர்க்கும் அந்தச் சில வாரங்களுக்கும் மட்டுமே விலக்கு. வளர்ந்ததும் இன்னொரு ஹாம்ஸ்டர் என்றால் அதற்கு எதிரி. குள்ள வகைகளில் ஒரே ஈற்றுக் குட்டிகள் சில சமயம் சேர்ந்து வாழ்கின்றன, ஆனால் அங்கேயும் மாதக்கணக்கில் ஒற்றுமையாக இருந்துவிட்டுத் திடீரென்று அடித்துக்கொள்வது சகஜம், அப்படி வைப்பவர்கள் இரண்டாவது கூண்டு ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், எந்த வகையானாலும் தனியாக வையுங்கள். தனிமை அதற்கு ஏக்கம் இல்லை, நிம்மதி.

எத்தனை வருடம் வாழும்?

இரண்டு முதல் மூன்று வருடம். இரண்டு வயதைத் தாண்டினாலே முதுமைதான். குழந்தைக்காக வாங்குபவர்கள் இதைக் குழந்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கடையில் கலர் கலராக வருகிற சின்னக் கூண்டு போதாதா?

போதாது. பெரும்பாலான ஹாம்ஸ்டர்களின் கஷ்டம் அந்தக் கூண்டில்தான் ஆரம்பிக்கிறது. அனுபவசாலிகள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். குள்ள வகைக்கும் அதேதான், உருவம் சிறியது என்பதால் ஓடும் தூரம் குறைவதில்லை. மாடி மாடியாக ஏணி வைத்த கூண்டைவிட ஒரே தளமாக அகலமான கண்ணாடித் தொட்டி எவ்வளவோ மேல். ஹாம்ஸ்டருக்குக் கிட்டப்பார்வை, உயரத்தைக் கணிக்கவே தெரியாது, விளிம்புக்கு வந்து அப்படியே காலை நீட்டிக் கீழே விழும். மேலே காற்றோட்டத்துக்கு வலைமூடி இருக்கட்டும்.

பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியின் மூடியை வெட்டி வலை பொருத்தியும் செய்யலாம், என் மூன்றாவது ஹாம்ஸ்டர் ஆயுள் முழுவதும் அப்படிப்பட்ட பெட்டியில்தான் இருந்தது, நன்றாகவே இருந்தது.

இடத்தைவிட முக்கியமானது ஆழம். காட்டு சிரியன் ஹாம்ஸ்டர்களின் வளைகளைத் தோண்டிப் பார்த்ததில் அவை சராசரியாக 65 செ.மீ. ஆழத்தில் இருந்தன, சில ஒரு மீட்டரையும் தாண்டின. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஹாம்ஸ்டர்களுக்கு 10, 40, 80 செ.மீ. என்று மூன்று ஆழங்களில் மரச்சீவல் போட்டுப் பார்த்தார்கள். 10 செ.மீ. கிடைத்தவை கம்பியை அதிகம் கொறித்தன, 80 செ.மீ. கிடைத்தவை கொறிக்கவே இல்லை. நாம் என்னவோ பல் அரிக்கிறது, விளையாடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம், அது கேட்பது தோண்ட மண். குறைந்தது 20 செ.மீ., முடிந்தால் ஒரு பக்கமாவது 30, 40 செ.மீ. நிரப்புங்கள். நான் இந்த மாற்றத்தைச் செய்த இரண்டாவது நாளே என் பெண் சிரியன் கம்பியை விட்டுவிட்டு உள்ளே மூன்று அறைகள் கட்டிவிட்டது, ஒன்றில் தூக்கம், ஒன்றில் சாப்பாடு, ஒரு மூலையில் கழிப்பறை. கண்ணாடிப் பக்கமாக ஓர் அறை அமைந்ததால் அது தூங்குவதை நான் பார்க்க முடிந்தது, காதை மடித்துக்கொண்டு பந்து மாதிரி.

அடியில் எதைப் போடுவது?

காகிதக் கூழில் செய்த பஞ்சு போன்ற நிரப்பி, அல்லது தூசு இல்லாத ஆஸ்பென் மரச்சீவல். சிடார் மரச்சீவலும் பதப்படுத்தாத பைன் சீவலும் வேண்டாம், அவற்றின் வாசனை எண்ணெய் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். வாசனை சேர்த்தது எதுவும் வேண்டாம். வைக்கோலை நடுநடுவே அடுக்கினால் வளை இடியாமல் நிற்கும்.

கூடு கட்ட என்று விற்கும் பஞ்சு வேண்டவே வேண்டாம். நூல் காலில் சுற்றி ரத்த ஓட்டம் நின்று கால் போன ஹாம்ஸ்டர்கள் உண்டு, விழுங்கினால் குடலை அடைக்கும். வெள்ளை டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள், அதுவே கன்னத்தில் திணித்துக்கொண்டு போய் மெத்தை செய்துகொள்ளும்.

சக்கரம் அவசியமா? உருளைப் பந்தில் போட்டு ஓடவிடலாமா?

சக்கரம் அவசியம். இரவில் பல கிலோமீட்டர் ஓடக்கூடிய விலங்கு அது. ஓடும் பரப்பு மூடியதாக இருக்க வேண்டும், கம்பி கம்பியாக இருந்தால் கால் சிக்கி முறியும். ஓடும்போது முதுகு வளையக் கூடாது, அதுதான் அளவு: சிரியனுக்கு 28 செ.மீ. விட்டமாவது வேண்டும், குள்ள வகைக்கு 20 செ.மீ.

பந்து வேண்டாம். வாசனையாலும் மீசையாலும் உலகத்தை அறியும் விலங்கை ஒரு பிளாஸ்டிக் உருண்டைக்குள் அடைத்தால் அதற்கு எங்கே போகிறோம் என்பதே தெரியாது, காற்றும் குறைவு, வேண்டும்போது நிறுத்தி இறங்கவும் முடியாது. அது ஓடுவது சந்தோஷத்தில் என்று நமக்குத் தோன்றும், தப்பிக்கப் பார்க்கிறது என்பதுதான் உண்மை. குளியலறைத் தரையைத் துடைத்து, ஓட்டைகளை அடைத்து, நீங்களும் கூட உட்கார்ந்து சுற்ற விடுங்கள்.

என்ன சாப்பாடு, எவ்வளவு?

பல வகை தானியம், விதை, காய்ந்த இலைகள் கலந்த ஹாம்ஸ்டர் உணவும், அரைத்து அழுத்திய தீவனத் துண்டுகளான பெல்லட் கொஞ்சமும். புரதம் 16 முதல் 20 சதவீதம் இருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள். சிரியனுக்கு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி, குள்ள வகைக்கு ஒரு தேக்கரண்டி போதும். சூரியகாந்தி விதை என்றால் உயிர், ஆனால் கொழுப்பு, அதனால் அதை உணவாகக் கொடுக்காமல் பழக்குவதற்கான பரிசாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை வேகவைத்த முட்டை ஒரு துணுக்கோ காய்ந்த மீல்வார்ம் புழு ஒன்றிரண்டோ கொடுக்கலாம். முழுச் சைவம் என்று நினைத்துக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள், காட்டில் அது பூச்சி தின்னும் விலங்கு.

வெள்ளரி, ப்ரோக்கோலி, கேரட் எல்லாம் நகத்தளவு கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை ஆரஞ்சு வகையறா, சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு, வேகாத பீன்ஸ் விதை, ஆப்பிள் விதை இவை கூடாது. குள்ள வகைகளுக்கு, முக்கியமாக கேம்ப்பெல்லுக்கு, சர்க்கரை நோய் எளிதில் வரும், அதனால் அவற்றுக்குப் பழத்தை ஏறக்குறைய மறந்துவிடுங்கள். தயிர் தடவிய மிட்டாய், தேன் ஒட்டிய விதைக்குச்சி எதற்கும் தேவை இல்லை.

தண்ணீர் குப்பி வைத்தால் தினமும் மூக்குக்குழாயை விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பாருங்கள். குப்பி நிறைய தண்ணீர் இருந்தும் குழாய் முனையில் இருக்கும் சின்ன உருண்டை மாட்டிக்கொண்டு ஒரு சொட்டும் வராமல் போவது அடிக்கடி நடக்கும். கனமான சின்னக் கிண்ணமும் நல்லதுதான்.

கன்னம் இரண்டு பக்கமும் வீங்கிப் போயிருக்கிறது, கட்டியா?

பெரும்பாலும் சாப்பாடு. அந்தப் பை தோளையும் தாண்டி இடுப்புப் பக்கம் வரை போகும், முகம் இரண்டு மடங்கு ஆகிவிடும். அரபு மொழியில் இதற்கு "சேணப்பைக்காரன்" என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு, பொருத்தமான பெயர். கொஞ்ச நேரத்தில் கூட்டுக்குப் போய் முன்கால்களால் பின்னாலிருந்து தள்ளி எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் ஒரு நாளுக்கு மேல் வீங்கியே இருந்தால், அல்லது அந்தப் பக்கத்தைச் சொறிந்துகொண்டே இருந்தால், உணவு ஒட்டி அழுகியிருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள், நீங்களே நோண்டாதீர்கள். ஒட்டும் பண்டங்களைக் கொடுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சாப்பாட்டை எல்லாம் ஒரு மூலையில் பதுக்குகிறது, எடுத்துப் போட்டுவிடலாமா?

ஈரமானதை, வாடிய காயை மட்டும் எடுங்கள். காய்ந்த விதைகளை அப்படியே விடுங்கள். ஜெர்மன் மொழியில் பதுக்குவதற்கான வினைச்சொல்லே இதன் பெயரிலிருந்துதான் வந்தது, அந்த அளவுக்கு அதன் வாழ்க்கையே அந்தக் குவியல். மொத்தமாக வழித்து எறிந்தால் அதன் கண்ணில் அது கொள்ளை. கிண்ணம் காலியாக இருக்கிறதே என்று மறுபடி மறுபடி நிரப்பவும் வேண்டாம், உள்ளே ஒரு வாரத்துக்கான சரக்கு இருக்கும்.

நாற்றம் வருகிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவது? குளிப்பாட்டலாமா?

தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. தோலின் எண்ணெய் போய்விடும், உடம்பு சில்லிட்டுப் போகும், அந்த அதிர்ச்சியிலேயே இறந்துவிடலாம். அது தன்னைத்தானே பூனை மாதிரி நாள் முழுக்க நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ஓர் அகலக் கிண்ணத்தில் தூசு இல்லாத மணல் வைத்தால் புரண்டு குளிக்கும். மணல்தான், சின்சில்லா என்ற இன்னொரு கொறிக்கும் விலங்குக்கு விற்கும் மாவு போன்ற பொடி நுரையீரலுக்குக் கெடுதல். அந்த மணலையே பல ஹாம்ஸ்டர்கள் கழிப்பறையாகவும் வைத்துக்கொள்ளும், உங்களுக்கு வேலை மிச்சம்.

ஹாம்ஸ்டருக்கு நாற்றம் கிடையாது என்றே சொல்லலாம், நாறுவது சிறுநீர் மூலை. அந்த ஈரப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எடுத்துப் போடுங்கள். முழுக்கக் காலி செய்து சோப்புப் போட்டுக் கழுவினால் அதன் வாசனை எல்லாம் போய்விடும், தன் வீடு காணாமல் போன மாதிரி பதறும், அந்தப் பதற்றத்தில் இன்னும் அதிகமாக மூத்திரம் தெளித்து அடையாளம் வைக்கும். அதாவது கழுவக் கழுவ நாற்றம் கூடும். பெரிய தொட்டியாக இருந்தால் மாதம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும், மீதி பழையது இருக்கட்டும்.

பகலில் எழுப்பி விளையாடலாமா?

வேண்டாம். நம்மை நடுராத்திரி உலுக்கி எழுப்பிக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? மாலை இருட்டியபின் அதுவாக வரும், அப்போது பழகுங்கள். படுக்கையறையில் கூண்டை வைக்காமல் இருந்தால் இரண்டு பேருக்கும் தூக்கம் கெடாது.

கடிக்கிறது. எப்படிப் பழக்குவது?

முதலில், அது ஏன் கடிக்கிறது என்று பாருங்கள். கை மேலேயிருந்து வருகிறது, காட்டில் மேலேயிருந்து வருவது பருந்து. அல்லது தூக்கத்தில் தொட்டீர்கள். அல்லது கையில் சாப்பாட்டு வாசனை இருந்தது, அது உங்கள் விரலை உணவு என்றே நினைத்தது. கண் சரியாகத் தெரியாத ஒரு சிறு உயிர் மூக்கையும் பல்லையும் வைத்துத்தான் கேள்வி கேட்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் மூன்று நான்கு நாள் சாப்பாடும் தண்ணீரும் வைப்பதோடு சரி, தொடாதீர்கள். நீங்கள் ஒரு நாள் வைத்திருந்த டிஷ்யூவைக் கூண்டுக்குள் போடுங்கள், உங்கள் வாசனையோடு அது தூங்கட்டும். அப்புறம் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் எதையாவது பேசுங்கள். அடுத்து, வாசனையில்லாத சோப்பால் கழுவிய கையை உள்ளே வைத்து உள்ளங்கையில் ஒரு விதை, அவ்வளவுதான், நகர்த்தக் கூடாது. வந்து எடுத்துக்கொண்டு ஓடும். ஒரு வாரம் கழித்து அங்கேயே உட்கார்ந்து தின்னும். உள்ளங்கையில் நான்கு காலையும் வைத்து நின்ற பிறகுதான், இரண்டு கையாலும் கிண்ணம் மாதிரி அடியிலிருந்து அள்ளித் தூக்குங்கள், தரைக்குப் பக்கத்திலேயே, உட்கார்ந்தபடி.

சில நாட்களில் பழகுபவையும் உண்டு, மாதக்கணக்கில் எடுப்பவையும் உண்டு. என் ரோபரோவ்ஸ்கி கடைசிவரை கையில் ஏறவில்லை, ஆனால் விதையை விரலிலிருந்து வாங்கிக்கொள்ளும், ஓடிப்போகாமல் அங்கேயே தின்னும். அதற்கு அதுவே பெரிய நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். கடித்தால் கையை உதறாதீர்கள், ஊதாதீர்கள், அடிக்காதீர்கள். மெதுவாகக் கீழே இறக்கிவிடுங்கள்.

அது செய்வதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

உடம்பை நீட்டிக் கொட்டாவி விட்டால் நிம்மதியாக இருக்கிறது, பயந்த விலங்கு அப்படிச் செய்யாது. திடீரென்று சிலை மாதிரி நின்றால் ஏதோ சத்தம் கேட்கிறது, நமக்குக் கேட்காத மீயொலிகளும் அதற்குக் கேட்கும், அது எதையோ உற்றுக் கேட்கிறது என்றால் உண்மையிலேயே ஏதோ இருக்கலாம். வேகவேகமாக முகத்தைக் கழுவினால் சில சமயம் சுத்தம், சில சமயம் பதற்றம், எங்கே எப்போது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். மல்லாந்து விழுந்து பல்லைக் காட்டிக் கீச்சென்று கத்தினால் மிரண்டுபோயிருக்கிறது, கையை எடுத்துவிட்டு விலகுங்கள். அதை வேடிக்கை என்று படமெடுப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

ஒரே இடத்தில் வட்டமடிப்பது, மூலையில் ஏறி ஏறி விழுவது, கம்பியை மணிக்கணக்கில் கடிப்பது இவை மூன்றும் இடம் போதவில்லை என்பதற்கான அடையாளம். தன் புழுக்கையையே எடுத்துத் தின்பதைப் பார்த்தால் பதற வேண்டாம், அதிலிருந்து வைட்டமின் எடுத்துக்கொள்கிறது, அதன் இயல்பு அது.

இடுப்பில் இரண்டு கறுப்புப் புள்ளி இருக்கிறது, உண்ணியா? பல் மஞ்சளாக இருக்கிறது. வாலடியில் பெரிய வீக்கம் வேறு.

மூன்றும் இயல்பு. சிரியனுக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் வாசனைச் சுரப்பி உண்டு, ஆணுக்கு நன்றாகவே தெரியும், அதை உண்ணி என்று பிடுங்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். குள்ள வகைக்கு அதே சுரப்பி வயிற்றில். மஞ்சள், ஆரஞ்சுப் பல்தான் ஆரோக்கியமான பல், வெளுத்துப்போனால் கவனியுங்கள். பல் ஆயுள் முழுக்க வளரும், கொறிக்கக் கட்டையோ கடினமான பெல்லட்டோ எப்போதும் இருக்கட்டும். வாலடி வீக்கம் ஆணின் விரைகள், வெயில் காலத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும்.

குட்டி போட்டுவிட்டது! இப்போது என்ன செய்வது? தாயே தின்றுவிடும் என்கிறார்களே?

கடையிலிருந்து வரும்போதே சினையாக வந்திருக்கும். சிரியனுக்குக் கர்ப்பகாலம் 16 நாள்தான், நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளிலேயே மிகக் குறைவான காலங்களில் ஒன்று. நான்கைந்து வாரக் குட்டியே சினைப்படக் கூடியது.

தின்றுவிடுவது உண்மைதான், பயமும் பசியும் அதற்கு முக்கியக் காரணங்கள். அதனால் இரண்டு வாரத்துக்குக் கூட்டைக் கிளறாதீர்கள், குட்டியைத் தொடாதீர்கள், சுத்தம் செய்யாதீர்கள். அமைதியான இடம், நிறைய தண்ணீர், தினமும் முட்டை மாதிரி கூடுதல் புரதம், அவ்வளவே. கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மூன்று வாரத்தில் பால் மறக்கும், நான்கு வாரத்துக்குள் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். தெரிந்தே இனப்பெருக்கம் செய்ய வேண்டாம் என்பது என் வேண்டுகோள், ஒரே ஈற்றில் எட்டு பத்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்?

வாலும் பின்பக்கமும் ஈரமாகி நாற்றமடிக்கும் பேதி. வெட் டெயில் என்பார்கள், புதிதாக வாங்கிவந்த குட்டிகளுக்குத்தான் அதிகம் வரும், இரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. மூச்சில் கிளிக் கிளிக் என்று சத்தம், கண் ஒட்டிக்கொள்வது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, கூன்போட்டு உட்கார்ந்திருப்பது, பெண்ணின் பின்பக்கம் ரத்தமோ சீழோ, திடீரென்று தண்ணீர் குடிப்பது அதிகமாவது, புதிதாக ஒரு கட்டி. வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். நோயை மறைப்பதில் இவை கெட்டிக்கார விலங்குகள், முதலில் காட்டிக்கொடுப்பது எடைதான்.

நம் மாத்திரையைப் பொடி செய்து கொடுக்காதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் போன்றவை ஹாம்ஸ்டரின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துக் கொன்றுவிடும். சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள், நாய் பூனை மட்டும் பார்ப்பவருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம்.

கடித்தால் வெறிநோய் வருமா? குழந்தைகள் தொடலாமா?

வீட்டுக்குள்ளேயே வளரும் ஹாம்ஸ்டரிடமிருந்து வெறிநோய் வருவது ஏறக்குறைய நடக்காத ஒன்று. ஆனாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஆழமாக இருந்தாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள். தொட்ட பிறகு எல்லோரும் கை கழுவ வேண்டும், பேதியை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி தொற்றலாம். கர்ப்பிணிகள் கூண்டு சுத்தம் செய்யும் வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது, கொறிக்கும் விலங்குகளிடமிருந்து தொற்றும் எல்சிஎம் என்ற வைரஸ் கருவைப் பாதிக்கும்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் தனியாகக் கொடுக்காதீர்கள். குழந்தை இறுக்கிப் பிடிக்கும், அது கடிக்கும், குழந்தை கீழே போடும், அதோடு முடிந்தது.

காணவில்லை!

முதலில் கதவைச் சாத்துங்கள், நாய் பூனை இருந்தால் வேறு அறையில் விடுங்கள். பகலில் தேடிப் பயனில்லை. இரவு ஒவ்வொரு அறையிலும் எண்ணி ஐந்து விதை வையுங்கள், தரையில் கொஞ்சம் மாவு தூவுங்கள், காலையில் எந்த அறையில் விதை குறைந்திருக்கிறது, காலடித் தடம் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த இரவு அந்த அறையில் ஒரு வாளி, அடியில் கனமாக டிஷ்யூவும் அதன் வீட்டு மரச்சீவலும் வெள்ளரித் துண்டும், வெளியே ஏறுவதற்குப் புத்தகப் படிக்கட்டு. ஏறி உள்ளே குதிக்கும், வெளியே வர முடியாது. மூன்றாவது, நான்காவது நாளில்கூடக் கிடைத்திருக்கிறது.

இரண்டு நாள் ஊருக்குப் போகலாமா?

போகலாம். காய்ந்த உணவு, இரண்டு தண்ணீர் குப்பி. அதற்கு மேல் என்றால் ஒருவர் தினமும் வந்து பார்க்க வேண்டும். கூட எடுத்துக்கொண்டு பயணம் வேண்டாம்.

சில்லென்று, அசையாமல் கிடக்கிறது. செத்துவிட்டதா?

அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். குளிர் அதிகமாகி, வெளிச்சமும் சாப்பாடும் குறைந்தால் ஹாம்ஸ்டர் உறைதூக்கத்துக்குப் போகும். உடம்பு சில்லிடும், மூச்சு நிமிடத்துக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும், பார்ப்பவர்களுக்குப் பிணம் மாதிரியே தெரியும். இறந்த உடம்பு சில மணி நேரத்தில் விறைக்கும், இது தளர்வாக இருக்கும், மீசை லேசாக அசையும். மூக்கருகே சின்னக் கண்ணாடியைப் பிடித்து ஆவி படிகிறதா என்று ஐந்து நிமிடமாவது பொறுமையாகப் பாருங்கள்.

உயிர் இருந்தால் உள்ளங்கையில் வைத்து உங்கள் உடம்புச் சூட்டிலேயே மெதுவாகச் சூடேற்றுங்கள், அறையையும் 20 டிகிரிக்கு மேல் கொண்டுவாருங்கள். ஹீட்டர் முன்னால் வைப்பது, வெந்நீர், முடி உலர்த்தி எதுவும் கூடாது. அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை ஆகலாம். முதலில் மீசை, அப்புறம் நடுக்கம், அப்புறம் கால். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சர்க்கரை கலந்து உதட்டில் தொட்டு வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் நோயால் தளர்ந்த ஹாம்ஸ்டரும் இதே மாதிரிதான் சில்லிட்டுக் கிடக்கும். கூண்டு இருக்கும் இடம் எப்போதும் 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் இந்த நிலைமையே வராது.